காளிகாட்டுக்கு ஓர் இரவல் பிள்ளை

போன வாரம் கல்கத்தாவில், கரியாஹாட்டில் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் ஒரு மருந்துக்கடை. சும்மா நிற்க ஒரு மாதிரி இருந்ததால், வீட்டில் இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கும் ரத்த அழுத்த மாத்திரையையே மறுபடியும் கேட்டேன். எனக்கு முன்னால் கல்லூரிப் பையும் நீர் சொட்டும் குடையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். கடைக்காரரிடம் ஆணுறை கேட்டாள். சீப்பு கேட்கிற குரலில் கேட்டாள். அவர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இது இல்ல தாதா, அந்தப் பக்கத்துல இருக்கறது" என்று கடைக்கார அண்ணனிடம் வங்காளத்தில் சொல்லிக் கையை நீட்டிக் காட்டினாள். கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டினாள். புத்தகங்களுக்கு நடுவே அதைப் போட்டுக்கொண்டு, மழை விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து என் முறை. என் ரத்த அழுத்த மாத்திரையைத்தான் கடைக்காரர் காகித உறையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, ரகசியம் போல என் கையில் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழையில் நனைந்த கடை, ஸ்பிரிட் வாசனை, ஈரத் துணியின் வாடை எல்லாம் சேர்ந்து முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெஞ்சில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தன. அந்தப் பெஞ்சைப் பற்றி உங்களிடம் சொன்னதே இல்லை. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மண்புழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேருந்து நிலையச் சுவரில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம் வரைந்திருப்பார்கள். "அது என்னதுப்பா?" என்று சின்ன வயதில் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கவர்மெண்டு அடையாளம்ளா" என்று சொல்லி, கேட்காமலே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அது குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் என்று தெரியாமல், ரொம்ப நாள் ரேஷன் கடையின் சின்னம் என்றே நினைத்திருந்தேன். ரேடியோவில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் வந்தால் அப்பா எழுந்துபோய் ஒலியைக் குறைப்பார். முடிந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் காதை ரேடியோவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார். இதனால் எங்கள் வீட்டிலேயே அந்த விளம்பரத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. உயிரியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்த நாளில் டீச்சர், "இது ஈசியான பாடம். வீட்ல படிச்சுக்கிடுங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். அடுத்த பாடம் மண்புழு. மண்புழுவின் இனப்பெருக்கத்தைப் படம் போட்டு, வண்ணம் தீட்டி, ஒரு வாரம் நடத்தினார். நான் மண்புழுவாகப் பிறந்திருந்தால் வாழ்க்கையில் ஒரு குறையும் இருந்திருக்காது. கணிதத்தில் பட்டம் வாங்கினேன். முதல் வகுப்பு. மத்திய அரசுத் தேர்வு எழுதினேன். கல்கத்தாவில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. கர்ப்பப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் வயிற்றில் எங்கேயோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேலை கிடைத்த கையோடு கல்யாணம். அவருக்குத் துறைமுகத்தில், ஆற்றில் மண் அள்ளும் கப்பலில் இன்ஜினியர் வேலை. வாரம் முழுக்க ஹூக்ளியில் மிதப்பார், ஞாயிறு வீட்டுக்கு வருவார். டாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மாடியில் பாதி எங்களுக்கு. மறுபாதியில் மாலா பௌதி. பௌதி என்றால் அண்ணி. இங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மிஷ்டி என்று மூன்று வயதுப் பெண் அவளுக்கு.

எனக்கு அப்போது ஒரு பரீட்சை இருந்தது. துறைத் தேர்வு, இரண்டு பாகம். பாஸானால் அக்கவுண்டண்ட். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை விடுப்பு மனுக்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே இருக்கலாம். எங்கள் பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நாள் சிங்காராவை, அதாவது இந்த ஊர் சமோசாவை, கடித்தபடி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெண்களுக்கு இந்தப் பரீட்சையும் பிள்ளையும் ஒரே வருஷத்தில்தான் வரும். அதில் பிள்ளைதான் எப்போதும் பாஸாகும்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது, இரண்டு பாகத்தையும் முடிக்காமல் பிள்ளை பெறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, பரீட்சை முடியட்டும். நான் போய் அதை வாங்கிட்டு வாரேன்" என்றார்.

'அதை' வாங்கக் கிளம்பினார். அரை மணி கழித்துத் தைலப் பாட்டிலோடு திரும்பி வந்தார். கடையில் தெரிந்தவர் நின்றிருந்தாராம். அடுத்த ஞாயிறு இருமல் மிட்டாய். கடைக்காரரின் மகள் கல்லாவில் இருந்தாளாம். அதற்கடுத்த வாரம் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். இந்த முறை வெற்றிதான் என்று நினைத்தேன். வியர்த்து விறுவிறுத்து வந்து மேஜையில் வைத்தார். கிரைப் வாட்டர்.

"கடைக்காரன் என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தான். கண்ணுக்கு முன்னால இதுதான் இருந்துச்சு" என்றார்.

பிள்ளை வேண்டாம் என்பதற்காகக் கடைக்குப் போய்க் கைக்குழந்தை மருந்தோடு திரும்பி வந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கோபப்பட முடியவில்லை. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் அந்த வாரமே ஊரிலிருந்து மாமியாரின் கடிதம் வந்தது. நலம், நலமறிய அவா, மழை இல்லை, விசேஷம் ஏதும் உண்டா என்று நாலே விஷயம். 'விசேஷம்' என்பதற்குக் கீழே ஒரு கோடு வேறு.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பௌதியிடம் விஷயத்தை அவிழ்த்தேன். எனக்கு வங்காளம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தம். ஹிந்தியைக் கொஞ்சம் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு பேசுவோம். அவள் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"இதுக்கா இவ்வளவு முழிக்கிற? காளிகாட்டுல ஒரு குடும்ப நல மையம் இருக்கு. டாக்டர் லேடிதான். போய்க் கேளு, மாத்திரை தருவாங்க, காப்பர்-டி வெச்சு விடுவாங்க. எனக்கு அங்கதான் வெச்சாங்க."

"எங்க வெச்சாங்க?" என்று கேட்டேன். நான் இடுப்பிலோ கையிலோ என்று நினைத்தேன். பௌதி கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு பாவப்பட்டு, தரையில் சொட்டியிருந்த தண்ணீரை விரலால் இழுத்துப் படம் போட்டுக் காட்டினாள். நான் உற்றுப் பார்ப்பதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது.

சனிக்கிழமை தனியாகக் காளிகாட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து, செம்பருத்தி மாலைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்ப வேண்டும். பினாயில் வாசனை வழி காட்டியது. உள்ளே ஒரு நீளப் பெஞ்ச், அதில் பெண்கள். டாக்டர் அறையின் வாசலை மறித்தபடி ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சங்கு வளையல் போட்ட, வெற்றிலை மெல்லும் ஒரு தீதி, அதாவது அக்கா.

"ஸ்வாமி கொத்தாய்?" என்று கேட்டாள்.

கொத்தாய் என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். ஸ்வாமி எங்கே என்கிறாள். கோயிலுக்கு வழி கேட்கிறாள் போலிருக்கிறது, இந்த ஊர்க்காரியே என்னிடம் கேட்கிறாளே என்று நினைத்தேன். திரும்பி, கோயில் இருந்த திசையில் பக்தியோடு கையைக் காட்டினேன்.

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. வங்காளத்தில் ஸ்வாமி என்றால் கணவன் என்று பக்கத்தில் இருந்தவள் ஹிந்தியில் சொன்னாள். கணவர் கப்பலில் இருக்கிறார் என்றேன். சரி, குழந்தை எத்தனை என்றாள் தீதி. இன்னும் இல்லை என்றேன். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். குழந்தை இல்லாதவளுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. அதுதான் நியோம். நியோம் என்றால் விதி.

அலுவலகத்தில் நான் விடுப்புப் பிரிவு. தினமும் பத்துப் பேருக்காவது விதியைச் சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுக்கிறவள். விதி என்ற சொல்லுக்கு என் கால் தானாகத் திரும்பி நடந்துவிடும். நடந்துவிட்டது.

"ஒரு குழந்தைதானே வேணும்?" என்றாள் பௌதி, அன்று மாலை மாடியில். "மிஷ்டியைக் கூட்டிட்டுப் போ."

முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்போதே மகளைக் கூப்பிட்டு ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள். "இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்பாள். 'மாஷி', அதாவது சித்தி, என்று சொன்னால் ஒன்றும் கிடையாது, 'மா' என்று சொன்னால் ஒரு துண்டு சந்தேஷ் இனிப்பு. மிஷ்டிக்குப் பாடம் உடனே ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்க என்னை எங்கே பார்த்தாலும் 'மா' என்று கத்திக்கொண்டு வந்து கையை நீட்டினாள். கீழ் வீட்டுக்காரர் பௌதியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை என்னிடமிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மிஷ்டிக்கு ரெட்டைச் சடை போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம், பொய் சொன்னால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ, வேலைக்கே ஆபத்து வருமோ என்றெல்லாம் மனம் ஓடியது. பரீட்சை அந்தக் கார்த்திகையில். அதை நினைத்துக்கொண்டுதான் சந்துக்குள் திரும்பினேன்.

தீதிக்கு என் முகம் மறந்துபோயிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

"உன் பேர் என்ன?"

"மிஷ்டி."

"இது யாரு?"

"ஆமார் மா!" என் அம்மா. மிஷ்டி ராகம் போட்டுச் சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். ஒரு துண்டு சந்தேஷ் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தீதி அத்தோடு விட்டிருக்கலாம். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "மா இன்னைக்கு என்ன சமைச்சா?" என்று கொஞ்சினாள்.

"மீன்" என்றாள் மிஷ்டி. பிறகு, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, என்னைக் காட்டி, "இந்த மாஷி மீன் சாப்பிட மாட்டா. வாடை வந்தா கதவைச் சாத்திக்குவா" என்றாள்.

தீதி எழுந்து நின்றாள். என்னை இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. "ஸ்வாமி கோயிலில் இருக்கிறார் என்றாயே, அவள்தானே நீ? பிள்ளையைத் திருடிக்கொண்டு வந்தாயா? இது ஆபீஸா, சந்தையா?" அவள் குரல் சந்து வரைக்கும் போயிருக்கும். ஓடிவிடலாம் என்றால் மிஷ்டி தீதியின் மேஜையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துப் பேசியதில்லை. தினமும் அலுவலகத்தில் என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது.

"அந்த நியோம் நம்பர் என்ன?"

"என்ன நம்பர்?"

"விதி என்றால் நம்பர் இருக்கும். யார் போட்டது, எந்தத் தேதி, யார் கையெழுத்து? காட்டுங்கள்." வங்காளமும் ஹிந்தியும் இங்கிலீஷும் அலுவலகத் தமிழும் கலந்து கொட்டினேன். "எங்கள் ஆபீஸில் நம்பர் இல்லாமல் ஒரு பென்சில்கூடத் தர மாட்டோம்!"

"நம்பர் எதுக்கு? இது எல்லாருக்கும் தெரிஞ்ச நியோம்" என்றாள் தீதி. ஆனால் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பெஞ்சில் காய்கறிப் பையோடு இருந்த ஒருத்தி எழுந்தாள். "நானும் கேக்கறேன், நம்பர் காட்டு. என் புருஷன் சூரத்துல வேலை பாக்கறான். அவன் கையெழுத்து இல்லாம மாத்திரை கிடையாதுன்னு ரெண்டு மாசமா என்னைத் திருப்பி அனுப்பற. எனக்கு ஏற்கெனவே மூணு." இன்னொருத்தி, "என் மாமியாரைக் கூட்டிட்டு வரச் சொன்னியே, அது எந்த நம்பர்?" என்றாள்.

இந்தச் சத்தத்தில் உள்ளே இருந்த டாக்டர் வெளியே வந்துவிட்டார். ஒல்லியான அம்மா, மூக்குக் கண்ணாடி, கையில் பாதி குடித்த டீ. என்ன கலாட்டா என்று கேட்டார். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். மிஷ்டியும் பேசினாள். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தீதியிடம், "இந்த விதியை உனக்கு யார் சொன்னது?" என்றார்.

"எனக்கு முன்னால இந்த மேஜையில இருந்த தீதி சொன்னா."

"அவளுக்கு?"

தீதிக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக அந்த முந்தைய தீதி ஓய்வு பெற்றுப் போய்விட்டாள், இல்லாவிட்டால் அவளையும் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள்.

டாக்டர் டீயை மேஜையில் வைத்தார். "சட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. வயது வந்த பெண் கேட்டால் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம், மாமியார் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டியது மட்டும்தான் என் வேலை." சொல்லிவிட்டுப் பெஞ்சைப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது. "நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, இந்தப் பேட்டைப் பெண்களுக்கு அக்கறையே இல்லை, ஒருத்தியும் வருவதில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"

அதைக் கேட்டதும் தீதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் யாரோ சொன்னதைத்தானே சொன்னாள்? நானும் என் மேஜையில் அதைத்தான் செய்கிறேன், என்ன, என் விதிகளுக்கு நம்பர் இருக்கிறது.

அன்றைக்கு டாக்டர் யாரையும் தனியாக உள்ளே கூப்பிடுவதற்கு முன் சுவரில் மாட்டியிருந்த படத்தை இறக்கி, பெஞ்சின் மேல் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார். எது எங்கே இருக்கிறது, எந்த நாளில் என்ன நடக்கிறது, மாத்திரை என்ன செய்கிறது, காப்பர்-டி என்ன செய்கிறது, யாருக்கு எது ஆகாது, எல்லாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கணிதப் பட்டதாரிக்கும் காய்கறிப் பைக்காரிக்கும் ஒரே பெஞ்ச், ஒரே சந்தேகங்கள். பாடம் முடிந்ததும் தீதி மெதுவாக, "டாக்டர் தீதி, என் மருமகளுக்குத் தலைவலி வரும். அவளுக்கு எது நல்லது?" என்று கேட்டாள். டாக்டர் அதற்கும் பதில் சொன்னார். மிஷ்டி இதற்குள் தீதியின் பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்திருந்தாள்.

எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, மாத்திரை கொடுத்தார். மறக்காமல் இருக்க அதைக் காப்பித் தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். காப்பியை நான் மறந்த சரித்திரம் கிடையாது. பூஜை விடுமுறைக்கு வந்த மாமியார் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "இது என்னது தாயி?" சத்து மாத்திரை என்று என் கணவர் முந்திக்கொண்டு சொன்னார். "அப்ப எனக்கும் ஒண்ணு குடு, முழங்கால் ஒரே வலி" என்று கையை நீட்டினார் மாமியார். கணவர் அன்றைக்கே கடைக்கு ஓடிச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி வந்தார். இந்த முறை கேட்டதையே வாங்கி வந்துவிட்டார் என்பதை நான் பாராட்டத் தவறவில்லை.

முதல் பாகம் அந்தக் கார்த்திகையிலேயே பாஸ். இரண்டாம் பாகத்தில் ஒரு முறை கோட்டை விட்டு, மறுமுறை பாஸ். பிரிவு அதிகாரி தன் செலவில் எல்லாருக்கும் ரசகுல்லா வாங்கினார். மாத்திரையை நிறுத்தினேன். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். நாலு மாதம் ஆனதும் டாக்டரிடம் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு காளிகாட்டுக்குப் போனேன். மேஜை அதே மேஜை, தீதி அதே தீதி. ஆனால் மேஜையை வாசலிலிருந்து நகர்த்திச் சுவரோரம் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது யாரோடது?"

அதற்குப் பிறகு மாற்றலாகி ஊர் ஊராகப் போனோம். ஓய்வு பெற்றபின், வங்காளம் தமிழைவிட நன்றாகப் பேசும் மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று மறுபடியும் இந்த ஊருக்கே வந்துவிட்டோம். டாலிகஞ்ச் வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டிவிட்டார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் பூட்டும்தான் இருக்கின்றன. துணி காயப்போட ஆளுக்கொரு பால்கனி. பௌதி மிஷ்டியோடு புனேயில் இருக்கிறாள். மிஷ்டி பிள்ளையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளாம். ஃபோனில் அதைச் சொல்லிவிட்டு, "உனக்குக் குடுத்த கடனை இப்ப நான் யார்ட்ட போய்க் கேக்க?" என்று பௌதி சிரித்தாள். இப்போது எங்கள் மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனித் தமிழ்ப் பெண், போன மாதம் ஒரு கிளினிக்கில் 'கணவர் பெயர்?' என்று கேட்டாங்க ஆன்ட்டி, எதுக்குன்னு கேட்டேன், விட்டுட்டாங்க என்று சொன்னாள். கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான்.

போன வாரம் மழை விட்டதும் கரியாஹாட்டிலிருந்து வீட்டுக்குப் போகாமல் காளிகாட்டுக்குப் பஸ் ஏறினேன். சந்தைக் கண்டுபிடிக்கவே சிரமமாகிவிட்டது. பினாயில் வாசனை இல்லாமல் எனக்கு வழி தெரியவில்லை. மையம் இருந்த இடத்தில் ஒரு மோமோ கடை. டாக்டரின் அறை இருந்த இடத்தில் ஆவி பறக்கும் பெரிய பாத்திரங்கள். கடையில் நின்ற பெண்ணிடம், இங்கே ஒரு குடும்ப நல மையம் இருந்ததே, எங்கே மாற்றிவிட்டார்கள் என்று கேட்டேன். அவள் உள்ளே பார்த்துக் கணவனிடம் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இங்கே இருந்ததே இல்லையே மாஷிமா என்றாள்.

பிறகு, நின்றவளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஜால் கொம் நா பேஷி?" என்றாள். காரம் குறைவாகவா, கூடவா.

கூடவே போடு என்றேன்.